சங்கிலியின் உள்முனை

மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு இருந்தது. அதன் பின்பாதியில்தான் என் பட்டறை. பின்கதவைத் திறந்தால் காயல். படகுகள் கதவு வரைக்கும் வந்து நிற்கும். டீசல் என்ஜின்களை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் பூட்டிக் கொடுப்பது என் வேலை. கிடங்கில் மிளகு இல்லாமல் போய்ப் பல வருஷங்கள் ஆகியும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து அந்தக் காட்டம் கிளம்பும். டீசல் வாடையோடு சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும்.

எங்களுடையது பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததும் மலையாளம்தான். தமிழ் எழுத்தை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவள் என் அக்கா. அவளுடைய வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியத்தை அதே எழுத்தில் எழுதுகிறேன் என்பது எழுதும்போதெல்லாம் உறுத்துகிறது. ஆனாலும் வேறு எழுத்தில் எழுத மனம் வரவில்லை.

அக்காவின் கணவர், என் மச்சான், கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கல்யாணத்துக்கு முன்பே எனக்குப் பழக்கம். கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், மயிரிழை போன்ற சுருள்வில்லை இடுக்கியால் தூக்கி வைப்பார். பெண்கள் கட்டுகிற சின்னக் கைக்கடிகாரங்களை மற்ற கடைக்காரர்கள் அவரிடம்தான் அனுப்புவார்கள். அதிகம் பேசமாட்டார். ஆனால் தண்ணீரைக் கண்டால் ஆள் மாறிவிடுவார். துறையில் நின்று போகிற வருகிற படகுகளையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு படகு வேண்டும், அதில் அடுப்பும் படுக்கையும் இருக்க வேண்டும், காயல் வழியாகவே ஆலப்புழை, கொல்லம் என்று நினைத்த இடத்தில் நங்கூரம் போட்டுத் தங்க வேண்டும். இதுதான் அவருடைய ஆசை.

எழுபதுகளின் நடுவில் ஒரு பழைய கப்பலை உடைக்கக் கொடுத்தபோது, அதிலிருந்த மர உயிர்காப்புப் படகு ஒன்று விலைக்கு வந்தது. மச்சான் ஓடிப் போய் வாங்கினார். இருபத்திரண்டு அடி நீளம். பலகைகளில் பாதி இற்றிருந்தது. ஒரு ஆசாரியை வைத்துப் பலகை மாற்றி, நடுவில் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு அறை கட்டினோம். நான் ஒரு இரட்டைச் சிலிண்டர் என்ஜினைத் தேடிப் பிடித்து, எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்து பொருத்தினேன். சாயம் மச்சான் பூசினார். நீல நிறம். தூரிகைத் தடம் ஒன்றுகூடத் தெரியாது.

என்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாட்ச்காரருக்கு எதையும் மேலோட்டமாகச் சொன்னால் போதாது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டி, "அளவு மட்டும் பாத்தா போதாது மச்சான். நிறத்தைப் பாருங்க. கறுப்பா இருந்தா பழசாயிடுச்சுன்னு அர்த்தம், பயமில்ல. பால் விட்ட சாயா மாதிரி இருந்தா வெள்ளம் கேறியிருக்கு, தண்ணி உள்ளே போயிருக்கு. அப்பறம் ஸ்டார்ட் பண்ணவே கூடாது" என்றேன்.

"டீசல் கலந்தா?"

"ரெண்டு விரல்ல தேச்சு மோந்து பாக்கணும். வாடை காட்டிக் கொடுத்துரும். தேய்க்கறப்ப நறநறன்னு இருந்தா உள்ளே ஏதோ பொடிஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தம்."

அவர் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து வெகுநேரம் தேய்த்தார். "ஒண்ணும் இல்ல. பட்டு மாதிரி இருக்கு" என்றார். நான் தேய்த்துப் பார்த்தாலும் எனக்கு அவ்வளவு தெரியாது. என் விரல்கள் அப்போதே காய்ப்புக் காய்த்துக் கிடந்தன.

ஆயிலை என்ஜின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும், ஆறினால் கசடு அடியிலேயே தங்கிவிடும் என்று சொன்னேன். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் திருகாணியை அரைச்சுற்றுத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அழுத்த வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, என்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் போய், புகைக்குழாயிலிருந்து தண்ணீர் துப்புகிறதா என்று பார்க்கச் சொன்னேன். என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் காயலிலிருந்து வருகிறது. உள்ளே வருகிற வழியில் ஒரு சல்லடை இருக்கும். மழை தொடங்கியதும் ஆறுகளெல்லாம் ஆப்பிரிக்கப் பாயல் என்கிற மிதக்கும் களையைக் கொண்டுவந்து காயலில் கொட்டும். பச்சைப் பாய் விரித்த மாதிரி மிதந்து வரும் அதன் வேர் சல்லடையை அடைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் என்ஜின் கொதித்துவிடும்.

நங்கூரப் பாடம் இடக்கொச்சிப் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில் நடந்தது. இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளத்தை நாங்கள் ஒரு மார் என்போம். எங்கள் சங்கிலி பதினைந்து மார். மூன்று மாருக்கு ஒரு இடத்தில் வெள்ளைச் சாயம் அடித்திருந்தோம், எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் எண்ணுவதற்கு. ஆழத்தைப்போல நாலு மடங்கு சங்கிலியாவது விட வேண்டும். போட்டவுடன் இழுக்கக் கூடாது. கொச்சிச் சேறு களி மாதிரி. நங்கூரம் அதில் இறங்கி அமர நேரம் கொடுக்க வேண்டும். பிறகு என்ஜினை மெதுவாகப் பின்னால் ஓட்டிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டால், கோடு பிசகும்போது நங்கூரம் இழுபடுகிறது என்று தெரிந்துவிடும்.

"ஓடற சங்கிலிக்கு நடுவுல காலை வெச்சிராதீங்க மச்சான். கையாலயும் பிடிக்கக் கூடாது. பாதி போனதும் முன்னால நிக்கற இந்தக் குத்துக்கட்டையில ஒரு சுத்துப் போட்டா தானே வேகம் குறையும்."

"மொத்தமும் போயிட்டா?"

"போகாது. உள்முனை படகோட கட்டியிருக்கு பாருங்க."

சங்கிலிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். சங்கிலியின் கடைசிக் கண்ணி, அடிக்கட்டையில் இருந்த இரும்பு வளையத்தோடு தார் பூசிய கயிற்றால் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"இரும்புக் கொக்கியால பூட்டாம எதுக்குக் கயிறு?"

"ஆபத்துன்னா கத்தியால அறுத்துவிட்டுட்டு ஓடணுமே, அதுக்கு."

தலையாட்டினார். அந்தக் கயிற்றை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்னதும், அதை வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார். ஒவ்வொரு மே மாதமும் புதுக் கயிறு வாங்கி, அளவாக வெட்டி, முனை பிரியாமல் நூல் சுற்றி என்னிடம் கொடுப்பார். சங்கிலியை வெளியே எடுத்து, துரு தட்டி, வெள்ளைக் குறிகளைப் புதுப்பித்து, மறுபடியும் உள்ளே அடுக்கிக் கட்டுவது என் பொறுப்பு.

மூன்று வருஷம் அப்படியே நடந்தது. ஆலப்புழைக்கு இரண்டு தடவையும் கொல்லத்துக்கு ஒரு தடவையும் போய்வந்தோம். அக்கா படகு அடுப்பில் கப்பைக்கிழங்கு அவித்தாள். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை எழுதுவதற்கு எனக்கு அதிகம் வார்த்தை இல்லை.

நாலாவது வருஷம் மே மாதக் கடைசியில், பட்டறைப் பின்கதவில் படகைக் கட்டிவைத்து, சங்கிலியைக் கரையில் பரப்பிச் சாயம் அடித்துக் காயவிட்டிருந்தேன். மாலை நாலு மணி இருக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் உள்ளே எடுத்துவிடலாம் என்று சங்கிலியைப் பெட்டிக்குள் அடுக்கினேன். அடுக்கி முடிக்கிற நேரத்தில், பயணிகள் படகு ஒன்று என்ஜின் இறுகி நடுக்காயலில் நிற்கிறது, ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருவர் ஓடி வந்தார். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும்போது நன்றாக நனைந்திருந்தேன். நேராக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் வேறு வேலை. அதற்கடுத்த நாளும் வேறு வேலை.

ஜூன் மாதம், மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. எதிரே இருக்கிற வல்லார்பாடம் தீவில் மச்சானுடைய சிநேகிதர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு மச்சான், அக்கா, நான், மூன்று பேரும் படகில் போனோம். மூன்று மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். அப்போது நீர் இறக்கம். மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு அழிமுகத்தைப் பார்த்து, அதாவது காயல் கடலில் சேருகிற வாயைப் பார்த்து, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வல்லார்பாடத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வர அந்த ஓட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

பாதி கடந்ததும் பச்சைப் பாய்போலப் பாயல் வந்து சூழ்ந்தது. சற்று நேரத்தில் புகைக்குழாயின் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை, வெள்ளை ஆவி வந்தது. என்ஜினை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும்தான் ஓட்டத்தின் வேகம் தெரிந்தது. இடது கைப்பக்கம் கோட்டைக் கொச்சிக் கரை நகர்ந்துகொண்டே போனது. எதிரே சீனவலைகளின் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அவற்றில் போய் மோதினால் மரப் படகு தாங்காது.

"நங்கூரத்தைப் போடுங்க மச்சான்! நான் சல்லடையைக் கழுவறேன், அஞ்சு நிமிஷம்!" என்று கத்திவிட்டு என்ஜின் பக்கம் குனிந்தேன்.

நங்கூரம் விழுந்த சத்தமும் சங்கிலி ஓடுகிற சத்தமும் கேட்டன. சல்லடை மூடியைத் திறந்து வேர்க்கொத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மச்சான் வெள்ளைக் குறிகளை உரக்க எண்ணினார். "மூணு... ஆறு... ஒம்பது..." ஆழமான இடம், படகோ வேகமாக அடித்துக்கொண்டு போகிறது. பன்னிரண்டு என்று சொன்னவர் குரல் மாறி, "ஐயோ, முனை!" என்று கத்தினார். பிறகு இரும்பு மரத்தில் அறைகிற ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அக்காதான் முதலில் அலறினாள்.

நான் எழுந்து பார்த்தபோது சங்கிலி இல்லை. பெட்டி வெறுமையாக இருந்தது. மச்சான் குத்துக்கட்டைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தார். கட்டப்படாத முனை பெட்டியிலிருந்து துள்ளி வெளியே வந்ததைப் பார்த்து, போய்விடக் கூடாதே என்று கையால் பிடித்திருக்கிறார். சங்கிலி அந்தக் கையைக் குத்துக்கட்டையோடு சேர்த்து அறைந்து, தாண்டிப் போய்விட்டது. நீலப் பலகையில் ரத்தம்.

அக்கா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கையைச் சுற்றினாள். "நீ என்ஜினைப் பாரு" என்று என்னிடம் சொன்னாள். "எங்களைப் பாக்காதே. என்ஜினைப் பாரு."

மூடியைத் திருகிப் பூட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். முதல் உதைப்பிலேயே பிடித்தது. புகைக்குழாய் தண்ணீர் துப்பியது. கடைசிச் சீனவலைக்கு இருபதடி தூரத்தில் படகைத் திருப்பினேன். நங்கூரமே போடாமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்போம்.

ஆஸ்பத்திரியில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் முழுவதுமாக எடுத்தார்கள். மோதிரவிரல் பாதி தங்கியது.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தேன். ஆணியில் அந்தக் கயிறு தொங்கியது. அந்த வருஷத்துக்கென்று மச்சான் வாங்கி, வெட்டி, இரண்டு முனையிலும் நூல் சுற்றிக் கொடுத்த கயிறு. புதிதாகத் தார் வாசனை அடித்தது. பழைய கயிற்றை அறுத்துப் போட்டது எனக்கு நினைவிருந்தது. புதியதைக் கட்டியதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின மூன்று வருஷங்கள் கட்டியதெல்லாம் கலந்து ஒரே நினைவாக இருந்தது. ஆனால் கயிறு ஆணியில் இருந்தது.

அதை எடுத்துப் பின்கதவு வழியாகக் காயலில் எறிந்தேன். மூழ்கவில்லை. தேங்காய் நார்க் கயிறு மிதக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு நாள் ஏற்றத்துக்கு உள்ளேயும் இறக்கத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டு, துறையின் கால்களுக்கு நடுவிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காணோம்.

கயிற்றை எறிந்த அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மச்சானே முதலில் பேசினார்.

"மாப்ளே, கயிறு அறுந்துருச்சு இல்ல?"

நான் அவரைப் பார்த்தேன்.

"என் தப்பாக்கும். நான் வாங்கின கயிறு. எப்பவும் வாங்கற கடை அன்னைக்கு அடைச்சிருந்துது. வேற கடையில எடுத்தேன். அப்பவே கையில பிடிச்சப்ப ஒரு சந்தேகம் இருந்துது. ஈரம் பட்ட நாரு மாதிரி. பாத்துட்டும் வாங்கினேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். அக்கா ஒரு சுளையை என் கையில் வைத்தாள். நான் தின்றேன்.

கையால் சங்கிலியைப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், அவர் கேட்கவில்லை என்று எனக்குள்ளே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் முனை கட்டியிருந்தால் பிடிக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது என்பதும் அதற்குப் பின்னாலேயே வந்துவிடும்.

மச்சான் கைக்கடிகாரங்களை விட்டுவிட்டார். இடது கையில் இடுக்கி பிடிக்க ஒரு வருஷம் பழகிப் பார்த்தார். சுருள்வில் நடுங்கியது. சுவர்க் கடிகாரமும் அலாரம் கடிகாரமும் மட்டும் வாங்கினார். படகை இடக்கொச்சிக்காரர் ஒருவருக்கு விற்றார். துறைப் பக்கம் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. புதிதாகப் படகு வாங்கிய ஆள் யாரையாவது கண்டால் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார்.

"சேட்டா, கயிறு எவிடெந்நா வாங்ஙிச்சே?" என்று மலையாளத்தில் தொடங்குவார். எங்கே வாங்கினாய் என்று கேட்டுவிட்டு, பாதிக் கையைக் காட்டி முழுக் கதையையும் சொல்வார். "எல்லாம் நான் செஞ்ச தப்பு. மாப்ள நல்லாத்தான் கட்டியிருந்தான். அவன் கட்டு அவிழாது. கயிறு கெட்டதாயிட்டா கட்டறவன் என்ன செய்வான்?" அப்படிச் சொல்லும்போது பட்டறைப் பக்கம் கையைக் காட்டுவார். கேட்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஏதாவது ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு வேலை வந்தது. அவன் கட்டினால் அவிழாது என்று பெயர் வந்தது.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. எனக்கும் கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

ஒரு ஜூலை மாதம் படகை வாங்கிய அந்த இடக்கொச்சிக்காரர், அதே என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. செய்தி கேட்டு மச்சான் மத்தியானம் பட்டறைக்கு வந்தார். வெளியே மழை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வடிகிற ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை விரலால் தொட்டுத் தேய்த்தார்.

"பால்சாயா தான்" என்றார். பிறகு, "நல்ல என்ஜின். நான் ஒரு கயிறு ஒழுங்கா வாங்கியிருந்தா இப்பவும் நம்ம கையில இருந்திருக்கும்" என்றார்.

எனக்கு அன்று ஏன் வாய் திறந்தது என்று தெரியவில்லை. "மச்சான், கயிறு அறுந்துபோகலை. நான் கட்டவே இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரியாததுபோல இருந்தது.

"சங்கிலியை அடுக்கினேன். யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டேன். மறந்துட்டேன். உங்க கயிறு இங்கே ஆணியில தொங்கிட்டிருந்துது. அடுத்த நாள்தான் பாத்தேன்."

நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற முகம் வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடுத்த நாள்னா, நீ ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கா?"

"ஆமா."

"வர்றதுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்."

"நான் என் தப்புன்னு சொன்னப்ப, உனக்குத் தெரியும்."

"தெரியும் மச்சான்."

"கயிறு எங்கே?"

"காயல்ல எறிஞ்சுட்டேன்."

"நல்ல கயிறா?"

"நல்ல கயிறு."

ஆயில் பட்ட விரலை ஒரு கந்தலில் துடைத்தார். எழுந்து நின்றார்.

"விரல் போனது போகட்டும். மறதி யாருக்கும் வரும், நானே எத்தனை வாட்சுல திருகாணி போட மறந்திருக்கேன். ஆனா ஆறு வருஷமா நான் போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் என்னைக் கொறச்சுச் சொல்லிட்டு இருந்தேன். நீ இங்கே உக்காந்து கேட்டுட்டு இருந்தே." அவர் குரல் உயரவே இல்லை. "உன் கட்டு அவிழாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே, அப்பக்கூட உனக்கு வாய் வரலையா?"

கேட்டுவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தார். குடை கொண்டுவரவில்லை. நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார்.

மறுநாள் அக்கா வந்தாள். பட்டறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அவர் ராத்திரி சாப்பிடலை" என்றாள்.

"நான் சொல்லியிருக்கணும் அக்கா. முன்னமே சொல்லியிருக்கணும்."

"முன்னமே சொல்லியிருந்தா செரி. இப்ப எதுக்குச் சொன்னே?"

"பொறுக்க முடியலை."

"உன்னால பொறுக்க முடியலைன்னு அவர்மேல கொண்டுபோய் இறக்கி வெச்சியா? கெட்ட கயிறு வாங்கினோம்னு அவர் ஒரு மாதிரி சமாதானம் ஆயிருந்தார். அதை வெச்சு நாலு பேருக்குப் புத்தி சொல்லிட்டு, அதுல ஒரு திருப்தி இருந்துது அவருக்கு. இப்ப அதுவும் இல்ல. தம்பி மாதிரி வெச்சிருந்த நீயும் இல்ல." தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீ அஞ்சாறு வயசுல பொய் சொன்னா உன் காது சிவக்கும். எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் உன் காதைப் பாக்காம இருந்துட்டேன்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மச்சான் துறைப் பக்கம் வரவில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனார். பெருநாளுக்கு அக்கா மட்டும் வந்து என் குழந்தைக்குத் துணி கொடுத்துவிட்டுப் போவாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் அவர் தொழுகைக்குப் போயிருப்பார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். உள்ளறையில் அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சத்தம் கேட்கும். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சாயா கொடுப்பாள். குடித்துவிட்டு வருவேன்.

பட்டறையில் ஒரு நாள், ஒரு படகுக்காரர் என்னிடம் சங்கிலி முனையைக் கட்டித் தரச் சொன்னார். மச்சான் சொல்லித்தான் என்னைத் தெரியும் என்றார். நான் கட்டவில்லை. "நீங்களே கட்டுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன். அவருக்கு வருத்தம். பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனார். துறையில் அப்படியே பேசவும் செய்தார்கள். நான் மறுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. அவர்கள் வீடு மூன்று தெரு தள்ளி. உறையில் என் விலாசம் எழுதியிருந்த கையெழுத்து கோணலாக, சின்னக் குழந்தை எழுதியதுபோல இருந்தது. மச்சான் இடது கையால் எழுதியது. அக்காவை எழுதச் சொல்லியிருக்கலாம், மகளை எழுதச் சொல்லியிருக்கலாம். அவரே எழுதியிருந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று என் மனைவி கேட்டாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

கல்யாணத்தன்று வாசலில் அவர் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். முடி முன்பக்கம் முழுவதும் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க" என்றார். "உள்ளே போய்ச் சாப்பிடுங்க."

அத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒருநாளும் 'நீங்க' என்று பேசியதில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ, மணமகளின் தாய்மாமன் வேலை செய்யாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டானே என்று கேலி செய்தார்கள். எழுந்து தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன். அக்கா அடுக்களை வாசலிலிருந்து பார்த்தாள். அந்த மூலைப் பந்திக்கு இன்னும் தண்ணீர் போகவில்லை என்று கையால் காட்டினாள்.

இப்போது எங்களுக்குள் பேச்சு உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சொல்லி அனுப்புகிறோம். தெருவில் பார்த்தால் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறோம். படகைப் பற்றி அவர் பேசுவதில்லை. நான் எடுப்பதும் இல்லை. போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, கலூர் பஸ் ஸ்டாண்டில் புதிதாக வைத்த பெரிய கடிகாரம் நின்றுவிட்டது, தன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஏணியில் ஏற வேண்டியிருக்கும், ஒரு கையால் பிடித்துக்கொள்ள முடியாது, யாராவது கீழே நின்று ஏணியைப் பிடித்தால் நல்லது என்றார்.

"நான் வரட்டுமா மச்சான்?" என்று கேட்டேன்.

பஸ் வருகிற பக்கம் பார்த்தார். "வேண்டாம். அங்கே ஆள் இருப்பாங்க" என்றார். பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.